மல்லி உனக்காகக் காத்திருக்காது

வா கண்ணு, குந்து. மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்குது? கல்யாணந்தானே பண்ணிக்கப் போற, கோர்ட்டுக்கா போற? ஓ, கைவேலையா! பத்திரிகையும் நீயே பண்ணப் போற, பூவும் நீங்களே கட்டப் போறீங்க. சின்னக் கல்யாணம், எல்லாம் சொந்தக் கையால. கேக்க ஷோக்காத்தான் இருக்குது. அப்பால இன்னாத்துக்கு இந்த மூணு அட்டைப்பெட்டி?

தொறந்து காட்டு, பாப்போம். பசை கக்குற துப்பாக்கி ஒண்ணு. அரக்கு, அதுல குத்த முத்திரை. சணல் கவுறு. எங்க முடிச்சூர்ல வயலு இருந்த காலத்துல சணலை நெல்லு மூட்டைக்குக் கட்டுவோம். நீ பத்திரிகைக்குக் கட்டப் போற. இது இன்னா, காகிதத்துக்குள்ள வெதையா? படிச்சுட்டு மண்ணுல பொதைச்சா துளசி மொளைக்குமா? பெருங்களத்தூர்ல அஞ்சாவது மாடியில இருக்கறான் உன் மாமன், அவன் மண்ணுக்கு எங்கடா போவான்? அதுவும் கல்யாணப் பத்திரிகையைப் பொதைக்கச் சொன்னா உங்க பாட்டி உன்னைப் பொதைச்சுடும்.

கையால செய்யறதுக்குச் சாமான் வாங்கியே கை காலியாயிடுச்சு போல. எவ்ளோ ஆச்சு? வேணாம், சொல்லாத. எனக்குப் பிரஷரு இருக்குது.

சின்னக் கல்யாணம்னா ஏதோ நீ கண்டுபுடிச்ச மாதிரி பேசுற. 2020ல கொரோனா வந்தப்ப கவருமெண்டே ஐம்பது பேருக்கு மேல கூடாதுன்னான். ஆயிரம் எலை விழுந்தாத்தான் கௌரவம்னு மீசை முறுக்கினவனெல்லாம் ஐம்பது பேரு முன்னால கட்டினான். இன்னா, தாலி கயண்டா போச்சு? அதுக்கும் முன்ன, அண்ணா முதல் மந்திரியா இருந்தப்ப, 1967ல சுயமரியாதைக் கல்யாணம் செல்லும்னு சட்டத்தைத் திருத்தினாங்க. சொந்தமோ சிநேகமோ நாலு பேரு பாக்க, நான் உன்னை ஏத்துக்கறேன்னு ரெண்டு பேரும் சொல்லணும். மாலை மாத்து, இல்ல மோதரம் போடு, இல்ல தாலி கட்டு. ஏதோ ஒண்ணு. அவ்ளோதான். அரக்கு முத்திரைக்கு அந்தச் சட்டத்துல எடமே இல்ல ராசா. பூவுக்கு இருக்குது பாரு!

பத்திரிகையை நீயே எழுதறதுல எனக்குச் சம்மதந்தான். ஏன்னு கேளு. என் கல்யாணத்துக்கு எங்க நைனா ஒரு அச்சாபீசுல குடுத்தாரு. பேரு வேணாம். ஈய எழுத்தை ஒண்ணொண்ணாப் பொறுக்கிக் கோத்து, ட்ரெடில் மிஷின்ல காலால மெதிச்சு அடிக்கிற காலம். முந்தின கல்யாணத்து மேட்டரைக் கலைக்காம வெச்சிருப்பான். பேரையும் தேதியையும் மாத்தினா அடுத்த கல்யாணம் ரெடி. எனக்குப் பேரை மாத்தினான். தேதியை மாத்தினான். எடத்தை மாத்த மறந்துட்டான். அன்னிக்கு முகூர்த்த நாளு, அந்தச் சத்திரத்துலயும் வேற கல்யாணம். எங்க சனம் பாதி அங்க போய்க் குந்தி, வடை பாயசத்தோட துன்னுட்டு, மொய்யும் எழுதிட்டு வந்துச்சு. அந்த மொய் இன்னிக்கு வரைக்கும் திரும்பல.

அதனால எழுது. ஆனா கவிதை எழுதாத. ரெண்டு நதி சங்கமிக்குது, ரெண்டு வானம் கைகோக்குதுன்னு நாலு பக்கம் எழுதினா, எத்தனை மணிக்குச் சாப்பாடுன்னு எவன் தேடுவான்? யாருக்கு யாரு, என்னிக்கு, எந்நேரம், எங்க. தமிழ்த் தேதியும் போடு, இங்கிலீசுத் தேதியும் போடு.

எங்க கல்யாணம்? திருநீர்மலையா? நல்ல எடம். அப்படின்னா ஒண்ணை மறக்காத. அங்க அடிவாரத்துல நீர்வண்ணப் பெருமாளு, மலை மேல ரங்கநாதரு. மேலயா கீழயான்னு எழுதாம வெறும் திருநீர்மலைன்னு போட்டே, உங்க பெரியத்தை அந்த முட்டிவலியோட படியேறி மேல போய் மூச்சு வாங்கிக்கினு இருக்கும், நீ கீழ மாலை மாத்திக்கினு இருப்ப. அப்புறம் வாழ்நாள் பூரா நீ கேட்டுக்கணும், அவங்க சொல்லுவாங்க.

தங்கள் நல்வரவை விரும்பும்னு போட்டு அடியில பேரு அடுக்குவாங்களே, அதுலதான் குடும்பமே ரெண்டாவறது. சித்தப்பன் பேருக்குப் பின்னால பி.ஏ. விட்டுப் போச்சுன்னு பந்தியில குந்தாம போனவனை நான் பாத்திருக்கேன். அவன் பி.ஏ. பாஸ் பண்ணானான்றது வேற விசயம். உனக்கு ஐம்பது பேருதானே? ஒருத்தர் பேரையும் போடாத. எல்லாருக்கும் சமமாக் கோவம் வரும், ஒருத்தருக்கும் தனியா வராது.

காகிதத்துக்குத் தாம்பரத்துல ரயிலு ஏறி பீச் ஸ்டேஷன்ல எறங்கு. பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு நடந்து போ. தெரு பூரா காகிதக் கடை, பத்திரிகைக் கடை. வெறும் அட்டையும் கவரும் அங்க மொத்தத்துல கெடைக்கும். உங்க பாட்டி எழுத்து முத்து முத்தா இருக்குமே, அதையே ஒரு தாள்ல எழுதச் சொல்லி ஜெராக்ஸ் எடு. நாலு மூலையிலயும் மஞ்சளைத் தடவு. கைவேலை முடிஞ்சு போச்சு. மொதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. அதையும் வாட்சப்ல அனுப்பிடாத.

இப்ப பூவு. இங்கதான் நீ மாட்டிக்கினே.

இது இன்னா கண்ணு, ஃபோன்ல காட்டற? வெள்ள வெள்ளயாப் பொடிப் பொடியா. பேபிஸ் ப்ரெத்தா? கொயந்தையோட மூச்சா? என் கண்ணுக்கு முத்திப்போன கொத்தமல்லி பூத்த மாரி இருக்குது. அதைப் பொண்ணு தலையில சொருகினா ரசம் வாசனைதான் வரும்னு நெனைச்சேன். வாசனையே இல்லையா? அப்ப எதுக்குடா?

மல்லி வாங்கு. ஆனா அதுக்கு ஒரு கடிகாரம் இருக்குது, தெரிஞ்சுக்கோ. விடியறதுக்குள்ள மொட்டாப் பறிப்பாங்க. பகல் பூரா உம்முனு மூடிக்கினு இருக்கும். பொழுது சாஞ்சதும் வாயைத் தொறக்கும். தொறந்தப்புறம் தொடுக்கப் போனே, இதழு உதிரும், காம்பு நயுவும். நீ ஆபீஸ் விட்டு, ஜி.எஸ்.டி. ரோடு நெரிசல்ல குரோம்பேட்டை தாண்டி, ராத்திரி ஒம்பது மணிக்கு வந்து, வீடியோ பாத்துக்கினே கட்டலாம்னு நெனைக்கிறியே, மல்லி உனக்காக ஓவர்டைம் பாக்குமா? முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையிலயே உதிரிப் பூவை வாங்கியாரணும். மத்தியானம் குந்தி, சாயங்காலத்துக்குள்ள தொடுத்து முடிக்கணும். வாழை எலையில சுருட்டி, மேல ஈரத்துணி போட்டு வெச்சா, காலையில பொண்ணு தலையில பூத்து நிக்கும்.

மொத்தப் பூ யாவாரம் முன்ன பூக்கடை பத்ரியன் தெருவுல. 1996ல கோயம்பேடு மார்க்கெட்டு தொறந்தாங்க, இப்ப பெரிய யாவாரம் அங்க. அதுக்காக இருபது முழம் பூவுக்குக் கோயம்பேடு ஓடாத. ஆட்டோக் காசுல எல்லாம் போயிடும். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுல பூக்காரம்மா கிட்ட ரெண்டு நாள் முன்ன சொல்லி வை. முகூர்த்த நாள்ல வெலை ஏறும், அது அந்தம்மா பண்ற சதி இல்ல. தை மாசம்னா பனியில மல்லி வரத்தே கொறைஞ்சுடும், தங்கம் மாரி எடை போடுவாங்க. உன் கல்யாணம் இன்னா மாசம்? பங்குனியா? பொழைச்சே. மல்லி கொட்டற காலம்.

நாரு எங்க? நைலான் நூலா? தூக்கிப் போடு. வாழை நாரைத் தண்ணியில நனைச்சுக் கிழிச்சு வெச்சுக்கோ. ரெண்டு மொட்டு இந்தப் பக்கம், ரெண்டு மொட்டு அந்தப் பக்கம், வெரலால ஒரு சுத்து, ஒரு முடிச்சு. இறுக்கினா காம்பு அறுந்துடும், லூசா வுட்டா பூவு கொட்டிடும். எவ்ளோ இறுக்கணும்னு எந்த வீடியோவும் சொல்லாது. வெரலுக்குத்தான் தெரியணும். இன்னிக்கே பத்து ரூபாய்க்குச் சாமந்தி வாங்கிப் பழகு. மொத நாள் நீ கட்டறது மண்புழு மாரி இருக்கும். பரவால்ல, பொண்ணு கிட்ட காட்டாத. மல்லிக்கு நடுவுல கனகாம்பரம் வெச்சா கண்ணுக்கு, மரிக்கொழுந்து வெச்சா மூக்குக்கு. கனகாம்பரத்துக்கு வாசனை இல்ல, ஆனா சீக்கிரத்துல வாடாது. கதம்பம்னா அதான்.

ரெண்டு மாலை மட்டும் நீ தொடாத. சொல்றதைக் கேளு. சம்பங்கியும் ரோஜாவும் கனமா வெச்சுக் கட்டற மாலை வேற வித்தை. அதுல கை தேஞ்சவன்தான் கட்டணும். நீ பசைத் துப்பாக்கியால ஒட்டி எடுத்தாந்து, மாத்தறப்ப பாதி மாலை அவ கழுத்துலயும் பாதி ஐயரு தலையிலயும் வுழுந்தா? நீ கையால செய்யறதுல சட்டத்துல எடம் இருக்கற ஒரே ஐட்டம்டா அது. காசு குடுத்து வாங்கு.

இன்னொண்ணு. ரெண்டு பேரா ரூம்ல குந்தி, மேல காமெராவை மாட்டிக்கினு பூ கட்டலாம்னு பாக்காதீங்க. விடிஞ்சுடும். முந்தின நாள் மத்தியானம் உங்க அத்தை, சித்தி, எதிர்வீட்டு அக்கா எல்லாரையும் கூப்புடு. பாயை விரி. நடுவுல பூவைக் கொட்டு. டீ போட்டுக் குடு. அப்பால அந்தப் பக்கம் போகாத. ஊர்ல இருக்கறவன் மானம் எல்லாம் அங்க கப்பலேறும், உன்னோடதும் சேத்து. ஆனா நாலு மணிக்கு எட்டிப் பாரு, இருபது முழம் சுருண்டு கெடக்கும்.

சரி, எழுந்துக்கோ. அந்த அட்டைப்பெட்டிங்களை இன்னா பண்றதா? திருப்பி எடுத்துப்பானா கேளு. எடுக்கலன்னா, பல்லாவரத்துல வெள்ளிக்கெயமை சந்தை இருக்குதே, அங்க வாங்காத சாமானும் இல்ல, விக்காத சாமானும் இல்ல. சணல் கவுறை மட்டும் இங்க வெச்சுட்டுப் போ, பந்தல்ல பொடலங்கா கோணிக்கினு வளருது, கல்லு கட்டித் தொங்கவுடணும். எனக்குப் பத்திரிகை எங்கடா? வெதை வெச்ச காகிதத்துல குடுக்கறதா இருந்தா, கூடவே ஒரு தொட்டி மண்ணும் கொண்டா.