மூணு எம்.எம்.: முன்கதைச் சுருக்கம்

சென்னையில் 28 டிகிரி என்றால் மஃப்ளரைத் தேடுகிற ஜனங்கள் நாம். அதே ஜனம் அந்தமானில் ஸ்கூபா டைவிங்குக்குப் போய் நின்றால், "தண்ணி 28 டிகிரிதானே, எதுக்குங்க இந்த ரப்பர் சட்டை?" என்று கேட்கும். காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போவது தண்ணீர். வெற்றுடம்போடு சும்மா மிதந்தாலும் குளிராமல் இருக்க, அது 33, 34 டிகிரியாவது இருக்க வேண்டும். 28 டிகிரிக் கடல் ஒரு கந்துவட்டிக்காரன்: முதல் டைவில் சிரித்துப் பேசும், மூன்றாவது டைவில் பல் கிட்டும்.

இந்த விஷயத்தில் பெரிய மனிதர்களே அசடு வழிந்திருக்கிறார்கள். அக்வாலங் என்ற டைவிங் மூச்சுக் கருவியால் புகழ்பெற்ற ழாக் கூஸ்தோ மத்தியதரைக் கடலில் நடுங்கி நடுங்கிப் பார்த்துவிட்டு, தானே ஒரு ரப்பர் உடை செய்து மாட்டிக்கொண்டார். நனையக் கூடாது என்பது திட்டம். நனையவில்லைதான். ஆனால் உள்ளே மாட்டிய காற்று முழுவதும் கால் பக்கம் ஓடிவிட, உலகின் தலைசிறந்த முக்குளிப்பாளர் தலைகீழாகத் தொங்கினார்.

அடுத்து வந்தவர் ஹ்யூ பிராட்னர். லாஸ் அலமோஸில் அணுகுண்டு செய்த இயற்பியலாளர்களில் ஒருவர். உலகத்தைச் சூடாக்கும் வேலையை முடித்துவிட்டு, அமெரிக்கக் கடற்படை வீரர்களுக்குக் குளிருகிறதே என்று கவலைப்பட வந்தார். 1951இல் அவர் ஒரு கடிதத்தில் எழுதிய யோசனை இவ்வளவுதான்: நனைந்தால் நனையட்டும். சூட்டைக் காப்பவை பொருளுக்குள் சிறைப்பட்ட வாயுக் குமிழ்கள். குமிழ் இருந்தால் போதும், உடம்பு நனைந்தால் என்ன? (உள்ளே புகுந்த தண்ணீர் சூடாகி நம்மைக் காக்கிறது என்று இன்றைக்கும் டைவிங் கடைகளில் சத்தியம் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.) டூபாண்ட் கம்பெனி 1930இல் கண்டுபிடித்த நியோபிரீன் ரப்பர், நுரை வடிவத்தில் அதற்குத் தோதாக அகப்பட்டது. பிறந்தது வெட்சூட்.

கடற்படை என்ன செய்தது? குமிழ்கள் எதிரியின் சோனாரில் காட்டிக்கொடுத்துவிடும் என்று கையை விரித்தது. சோனாரில் தெரிவதைவிட விறைத்துப் போவது வீரம் அல்லவா! காப்புரிமை கேட்டார், விமானிகள் உடை மாதிரி இருக்கிறது என்று அதையும் தள்ளினார்கள். பேராசிரியர் காசு பார்க்காமலே ஆராய்ச்சிக்குத் திரும்பினார்.

காசு பார்த்தவர்கள் கலிபோர்னியாவின் கடற்கரைப் பையன்கள். சான்பிரான்சிஸ்கோவில் ஜாக் ஓநீல், ரெடோண்டோ பீச்சில் மைஸ்ட்ரெல் இரட்டையர்கள். பிள்ளைக்கு அப்பா யார் என்ற பஞ்சாயத்து பல வருஷம் ஓடியது. அந்தக் கால வெட்சூட்டில் துணி உள்ளுறை கிடையாது. வெறும் ரப்பர் தோலோடு ஒட்டிக்கொள்ளும்; உடம்பு பூராவும் டால்கம் பவுடரைக் கொட்டிக்கொண்டால்தான் கால் நுழையும். சாகசம் செய்யப் போகிற வீரர் குளிப்பாட்டிய குழந்தை மாதிரி மணப்பார். ஓநீலோ விளம்பரத்துக்காகத் தன் சொந்தப் பிள்ளைகளுக்கே சூட் மாட்டி, கண்காட்சியில் ஐஸ் கட்டி மிதக்கும் தொட்டியில் உட்கார வைத்தார். பிள்ளைகள் பிழைத்தார்கள், வியாபாரமும் பிழைத்தது.

இந்த சூட்டை மாட்டிக்கொண்டு ஆழம் போனால், பிராட்னரின் குமிழ் ஒரு வேலை காட்டும். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு; பாவம், குமிழ் சுருங்கிவிடும். கடையில் மூணு எம்.எம். என்று வாங்கியது அங்கே காகிதமாகிவிடும். மேலே மூழ்கவிடாமல் அடம்பிடித்த அதே சூட், கீழே போனதும் கையை விட்டுவிடும். எந்தத் தடிமன் வாங்குவது? தண்ணீர் 29, 30 டிகிரி என்றால் லைக்ரா போதும். 26 முதல் 28 வரை முழுக்கை மூணு எம்.எம்.; அதற்கும் கீழே அஞ்சு. ஒல்லிக்குச்சி ஆசாமிகளும், ஒரு நாளில் நாலு டைவ் அடிக்கிறவர்களும் ஒரு படி தடிமனாகவே எடுக்கலாம், வெட்கமில்லை. ஆனால் அஞ்சு எம்.எம். போட்டால் அமிழ்வதற்கு இடுப்பில் கூடுதல் ஈயம் கட்ட வேண்டும். சூடும் வேண்டும், சுமையும் கூடாது என்றால் நடக்காது.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் தேர்ந்தெடுத்த தடிமன் பூஜ்யம். இடுப்பில் ஒரு துணி, காலடியில் ஒரு கல். ஒருவர் இறங்க, மற்றவர் படகில் வெயில் காய்வார். வெள்ளைக்காரன் ஆண்ட இலங்கையில், சுறாவின் வாயைக் கட்ட 'கடல்கட்டி' என்ற மந்திரவாதிக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. குளிரைக் கட்ட ஆள் போட வேண்டும் என்று எந்த துரைக்கும் தோன்றவில்லை.

கொரியாவின் ஜெஜு தீவில் ஹேன்யோ என்ற முக்குளிக்கும் பெண்கள் பருத்தி உடையோடு பனிக்காலத்திலும் கடலில் இறங்கினார்கள். 1960களில் விஞ்ஞானிகள் அளந்து பார்த்து அசந்து போனார்கள்: குளிர்காலத்தில் அந்த உடம்புகள் கூடுதலாகச் சூட்டை உற்பத்தி செய்தன. 1970களில் வெட்சூட் வந்தது. சில ஆண்டுகளில் திரும்ப அளந்தால் அந்த அதிசயத்தைக் காணோம். உடம்பு சொகுசுக்குப் பழகிவிட்டது. அறிவியலுக்கு இது சோகம். அந்தப் பெண்களுக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது. முன்பு நடுங்கி நடுங்கிச் சீக்கிரமே கரையேறியவர்கள், இப்போது மணிக்கணக்கில் கடலிலேயே இருந்தார்கள். தெர்மாமீட்டரோடு வந்தவர்கள்தான் கரையில் காத்துக் கிடக்க வேண்டும்.