இரண்டு மணி நேரமா, இரண்டு நிமிடமா?

கேள்வி: உயர்தர ஆங்கிலச் சொற்கள் கைவர, லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பலன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் கடினச் சொல் வேட்டை என்றால், ஆளை மாற்றுங்கள். 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில், லிங்கன் அந்த உரையை ஆற்றிய போர்வீரர் கல்லறைத் தோட்ட விழாவில் முதன்மைப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட். ஹார்வர்டில் கிரேக்கப் பேராசிரியராக இருந்து, அதன் தலைவராகவும் ஆனவர். ஏதென்ஸில் தொடங்கி இரண்டு மணி நேரம் பேசினார். அகராதிப் பிரியர்களுக்கு அதுதான் விருந்து. (இன்று பந்தியில் ஆள்தான் இல்லை!)

பிறகு எழுந்த லிங்கன் சுமார் 270 சொற்களில், இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். 'கன்சிக்ரேட்', 'ஹாலோ' போல அங்கங்கே சில கனமானவை. 'டெடிகேட்' மட்டும் ஆறு இடத்தில் வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் அதன் அழுத்தம் கூடுவதைக் கவனியுங்கள். அகராதி இதைச் சொல்லித் தராது. மறுநாள், லிங்கன் இரண்டு நிமிடத்தில் தொட்ட மையக்கருத்தைத் தான் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தாலே மகிழ்ச்சி என்று எவரெட்டே அவருக்குக் கடிதம் எழுதினார்.

ஆகவே, தாராளமாக மனப்பாடம் செய்யுங்கள். விடுப்புக் கடிதத்தில் மட்டும் 'கன்சிக்ரேட்'டை நுழைத்துவிடாதீர்கள், மேலாளர் பயந்துவிடுவார்.