டிஸ்க் மீது பழி போடுவது எப்படி?

விலையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று ஓ.எஸ். இல்லாத லேப்டாப்பாகப் பார்த்து வாங்கிவிட்டீர்கள். இனி விண்டோஸ் போடும் பாக்கியம் உங்களுடையது. பென் டிரைவைச் செருகி, கேட்கிற கேள்விக்கெல்லாம் ‘நெக்ஸ்ட்’ கொடுத்துக்கொண்டே வாருங்கள். எந்த டிரைவில் போடட்டும் என்று கேட்கும் பக்கம் வரும். பட்டியல் காலி. ஒரு டிரைவும் இல்லை என்கிறது.

முதல் வேலையாக, டிஸ்க் அவுட் என்று தீர்ப்பு எழுதுங்கள். வாங்கின கடைக்குப் போன் போட்டு, பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று ஆரம்பியுங்கள். தப்பித்தவறியும் பயாஸுக்குள் நுழைந்துவிடக் கூடாது. அங்கே எஸ்எஸ்டியின் பெயரும் கொள்ளளவும் பளிச்சென்று தெரியக்கூடும். தெரிந்துவிட்டால் சண்டையில் சுருதி இறங்கிவிடும்.

சங்கதி இதுதான். இன்டெல் 11ஆம் தலைமுறை தொடங்கி வந்த ஏராளமான லேப்டாப்களில் எஸ்எஸ்டிக்கும் இன்ஸ்டாலருக்கும் நடுவே விஎம்டி என்றொரு கன்ட்ரோலர் நிற்கிறது. அதற்கான டிரைவர் விண்டோஸ் பென் டிரைவில் பெரும்பாலும் இருக்காது. இன்டெல்லின் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென் டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் காணாமல் போன டிஸ்க் வந்து நிற்கும். நீங்கள் பிரிக்காமல் ஒற்றை செட்டப் ஃபைலாகவே போட்டுவையுங்கள். இன்ஸ்டாலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. உங்கள் தீர்ப்பும் கலையாது.

விஎம்டியை பயாஸிலேயே அணைத்துவிடலாம் என்பார்கள். சில மாடல்களில் அந்த வரியை ஒளித்து வைத்திருக்கிறார்கள். கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமுக்கினால்தான் தலைகாட்டும். யாருக்குப் பயந்து ஒளித்தார்களோ! இந்த வழியின் முழு ருசி வேண்டுமென்றால், ஏற்கெனவே விண்டோஸ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற மெஷினில் அணைத்துப் பாருங்கள். நீலத்திரை பார்க்கும் யோகம் உண்டு.

இதெல்லாம் இந்தக் காலத்துக் கூத்து என்று நினைக்க வேண்டாம். 2001-இல் வந்த எக்ஸ்பிக்கு, பின்னால் வந்த ஏஹெச்சிஐ முறை தெரியாது. இன்ஸ்டால் தொடங்கும்போதே எஃப்6 அமுக்கி, டிரைவரை ஃப்ளாப்பியில் கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் புது மெஷின்களில் ஃப்ளாப்பி டிரைவ் வைப்பதையே விட்டுவிட்டார்கள். விண்டோஸ் 7 இன்னும் ஒரு படி மேல். யுஎஸ்பி 3 போர்ட்டுக்கான டிரைவர் தன்னிடம் இல்லாததை மறைத்து, சிடி டிவிடி டிரைவர் காணோம் என்று அழும். மெஷினில் சிடி டிரைவே இருக்காது! பென் டிரைவை யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றினால் பல நேரம் அழுகை நின்றுவிடும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருப்பதால் இதில் போட முடியாது என்று மறுக்கிறதா? அருமையான வாய்ப்பு. யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆன இன்ஸ்டாலருக்கு ஜிபிடி வேண்டும், அவ்வளவுதான். ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அமுக்கி, டிஸ்க்பார்ட்டுக்குள் போய் ‘கிளீன்’ என்று அடியுங்கள். ‘நிச்சயமாகவா?’ என்று அது ஒரு வார்த்தை கேட்காது. கல்யாண ஆல்பம் இருக்கிற எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் பக்கத்திலேயே செருகி வையுங்கள். டிஸ்க் 0 எது, 1 எது என்று கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்வதெல்லாம் கோழைகளின் வேலை.

காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சதவீதத்தில் எரர் அடித்தால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் ரேமையும் பென் டிரைவையும் சந்தேகிப்பார்கள். ஐஎஸ்ஓ ஃபைலின் ஹேஷைச் சரிபார்ப்பார்கள், மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓட விடுவார்கள். டெஸ்க்டாப்பாக இருந்து, ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் வரிசையின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் சாட்டா கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள். இதற்கெல்லாம் பொறுமை வேண்டும். புது டிஸ்க் ஆர்டர் பண்ண ஒரு விரல் போதும்.

புது டிஸ்க்கும் தெரியவில்லையென்றால், தெருமுனை சர்வீஸ் கடைத் தம்பியைக் கூப்பிடுங்கள். பயாஸுக்குள் போய் ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டு ஐந்நூறு ரூபாய் கேட்பார். என்னப்பா கோளாறு என்று கேளுங்கள்.

“டிஸ்க்லதான் சார்” என்பார்.