பூட் பார்ட்டிஷனின் மனையடி சாஸ்திரம்: அண்ணனூர் களஆய்வு

கிணற்றுக்கு ஈசானிய மூலை, அடுப்புக்கு அக்னி மூலை என்று விதித்த மனையடி சாஸ்திரம், கணினியைத் துவக்கும் பூட் பார்ட்டிஷனுக்கு மட்டும் மூலை சொல்லாமல் விட்டுவிட்டது. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

அம்பத்தூர் பக்கம் ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தால் முதல் சண்டை பொதுவழிக்குத்தான். கணினித் தட்டைப் பாகம் பிரிக்க 1983-இல் டாஸ் 2.0-வுடன் வந்த எம்.பி.ஆரும் இதே குடும்ப வழக்கு. தட்டின் முதல் 512 பைட்டில் பாகப் பத்திரத்துக்கு 64 பைட். அதில் நான்கு பங்காளிகளுக்கே இடம். ஐந்தாமவர் வந்தால் ஒரு பங்கை 'எக்ஸ்டெண்டெட்' ஆக்கி உள்ளுக்குள் தடுக்க வேண்டும். பின்னாளில் அதன் இடத்துக்கு ஜி.பி.டி. வந்து 128 பேரைக் குடிவைத்தது. அம்பத்தூர் வட்டாரம் அடுக்குமாடிக்கு மாறிய கதையேதான்.

பிள்ளையார் சுழி போல பூட் முதலில்தான் வரவேண்டும் என்பார் ஒரு சாரார். பழைய பயாஸ் 1024 சிலிண்டருக்கு, அதாவது சுமார் 8.4 ஜிபிக்கு, அப்பால் எட்டிப் பார்க்காது என்ற காலத்தில் அது நியாயம். பயாஸின் இடத்துக்கு வந்த யூ.ஈ.எஃப்.ஐ.யோ பிரிவு எந்த மூலையில் கிடந்தாலும் அதன் வகையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும். காரணம் போய்விட்டது, சடங்கு நிற்கிறது.

இனி களஆய்வு. இடம் அண்ணனூர், ஆய்வுப் பொருள் மச்சானின் லேப்டாப். வெளித்தட்டு ஒன்றைச் செருகி, அதில் லினக்ஸ் நிறுவினேன். 'பூட்லோடர் எங்கே?' என்ற பெட்டியிலும் வெளித்தட்டையே காட்டினேன். இன்ஸ்டாலர் சரியென்று தலையாட்டிவிட்டு, துவக்கக் கோப்புகளை மச்சானின் உள்தட்டிலிருந்த ஈ.எஃப்.ஐ. பிரிவில் கொண்டுபோய் வைத்தது. விருந்தாளி வீட்டுச் சாவி வீட்டுக்காரர் கொத்தில் மாட்டிக்கொண்ட நிலை. அறியாமல் தட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

கொரட்டூர் தாண்டவில்லை, போன்.

"மாமா, ஸ்கிரீன் பூரா கருப்பா இருக்கு. க்ரப்-னு ஒரு வார்த்தை, பக்கத்துல ஒரு கோடு மின்னிட்டு நிக்குது. என்ன தட்டணும்?"

"எதையும் தட்டாத. வரேன்."

"அக்காகிட்ட சொல்லட்டுமா?"

ஆய்வு அங்கே இடைநிறுத்தப்பட்டது. திரும்பிப் போய், யூ.ஈ.எஃப்.ஐ. அமைப்பின் துவக்க வரிசையில் விண்டோஸை மேலே ஏற்றியதும் மெஷின் எழுந்துகொண்டது. இரண்டு நிமிட வேலை; ரயிலுக்குக் காத்திருந்ததுதான் அதிகம்.

மூலையைப் பற்றி இனி யாரும் சண்டையிட வேண்டாம். எந்தத் தட்டு என்பதற்குச் சண்டையிடுங்கள். வெளித்தட்டில் நிறுவப் போகிறவர்கள் உள்தட்டின் கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டு உட்காருங்கள். லேப்டாப்பைப் பிரிக்க முடியாதென்றால், கிளம்பும் முன் வெளித்தட்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.