லினக்ஸ் உபாசகர்

காஞ்சிபுரத்தில் கோயிலுக்கும் தறிக்கும் பட்டுக்கடைக்கு வழிகாட்டும் தரகருக்கும் என்றைக்கும் குறைவிருந்ததில்லை. ஆயினும் சமீப காலத்தில் அவ்வூர்த் தெருக்களில் உலவத் தொடங்கியிருக்கும் ஒரு புதுவகைப் பரோபகாரியின் லட்சணங்களை யாரும் இதுவரை சிரத்தையோடு எழுதி வைக்காதது பெரிய குறை. தோளில் ஜோல்னாப் பை. பைக்குள் நாலைந்து பென் டிரைவ். எதில் எந்த லினக்ஸ் இருக்கிறது என்று இருட்டிலும் தெரியும்படி ஒவ்வொன்றின் கழுத்திலும் கழிவுப் பட்டு நூல் ஒரு முடிச்சு. சிவப்பென்றால் டெபியன், காவியென்றால் உபுண்டு, பச்சையென்றால் மின்ட். பகலில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுவது அவருடைய ஜீவனோபாயம். விளக்கு வைத்த பிறகு பிறர் வீட்டு மடிக்கணினிகளில் லினக்ஸ் ஏற்றுவது அவருடைய கைங்கரியம்.

காஞ்சி லக் என்று வழங்கும் லினக்ஸ் பயனர் குழுவினரோடு இவரைச் சேர்த்து எண்ணிவிடலாகாது. அவர்கள் கூடிப் பேசுகிறவர்கள், தமிழில் எழுதிப் புரியவைக்கிறவர்கள், கேட்டவருக்கு உதவுகிறவர்கள். நம் உபாசகரோ கேளாமலே அனுக்கிரகிக்கிறவர். அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15-ஆம் தேதி 2011-ல் தொடங்கி வைக்கப்பட்ட அரசாங்க மடிக்கணினித் திட்டம் அண்ணா பிறந்த ஊரிலும் வீட்டுக்கு வீடு ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்து சேர்த்தது. தொடக்கத்தில் அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற சுதேசி சிஸ்டமும் ஓரமாகக் குடியிருந்தது. படித்த பிள்ளை ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்குப் போய்விட, மரப்பெட்டிக்கும் மாவுச் சல்லடைக்கும் நடுவே சயனித்திருக்கும் அம்மடிக்கணினிகளை மோப்பம் பிடிப்பதில் அவருக்கு நிகர் அவரே. “சும்மாத்தானே கிடக்குது, கொடுங்க மாமா, நான் எழுப்பித் தர்றேன்” என்பார். எழுப்பியும் விடுவார். எழுந்தது கண் திறக்காது.

இங்கேதான் அவருடைய சுபாவத்தின் மர்மம் இருக்கிறது. லினக்ஸ் ஏற்றி முடித்தவுடன் திரை ஒழுங்காக ஒளிவிட்டு நின்றால் அவர் முகம் வாடிவிடும். கொடுத்த காபியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் புறப்பட்டுவிடுவார். மாறாக, கம்பெனியின் முத்திரை ஒரு கணம் மின்னி மறைந்து, மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் கண் சிமிட்ட, மற்றதெல்லாம் அமாவாசையாகிவிட்டதோ, அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சம்மணமிட்டு உட்காரும் அழகே தனி. இரவுச் சாப்பாட்டுக்கும் அவ்வீட்டில் இலை போட வேண்டியதுதான்.

அந்த இருட்டுக்குக் காரணம் இல்லாமலில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஒன்றும் விளையாட்டுக்கும் வீடியோ வேலைக்கும் ஒன்றுமாக இரண்டு கிராபிக்ஸ் சில்லுகளைப் பல மடிக்கணினிகளில் பொருத்திவிடுகிறார்கள். இரண்டாவதைச் செய்யும் என்விடியா கம்பெனி அதன் அந்தரங்கத்தை நெடுங்காலம் வெளியிடாதிருந்தபடியால், அதற்கான இலவச டிரைவரைத் தன்னார்வலர்கள் வெளியிலிருந்து ஊகித்து ஊகித்தே எழுத வேண்டியதாயிற்று. ஊகம் பொய்க்கும் இடத்தில் திரை இருண்டது. லினக்ஸின் கர்த்தாவான லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-ல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்தில், கேமராவை நோக்கி ஒரு விரலை உயர்த்தி, ஆசாரமுள்ள பத்திரிகை அச்சிடத் தயங்கும் வசனம் ஒன்றால் அக்கம்பெனியை ஆசீர்வதித்தார். இவ்வரலாற்றை உபாசகர் புராணப் பிரவசனம்போல் விஸ்தரிப்பார். பெண்கள் இருக்கும் வீடானால் விரல் வரும் கட்டத்தில் மட்டும் மோதிர விரலைக் காட்டிச் சமாளித்துவிடுவார். அதே கம்பெனி 2022 மே மாதத்தில் மனமிரங்கிக் கர்னல் டிரைவரின் மூலநிரலை வெளியிட்டது அவருக்கு உள்ளூர வருத்தமென்றே நான் நினைக்கிறேன்.

இருளுக்கு அவர் கைவசமுள்ள முதல் பிரயோகம் ‘நோமோட்செட்’. மடிக்கணினி விழிக்கும்போது தோன்றும் கிரப் பட்டியலில் நுழைந்து, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைக்கோடியில் அச்சொல்லைச் சேர்ப்பார். “திரையின் அளவை நீயாக நிர்ணயிக்காதே, பயாஸ் விட்டுப்போனதை வைத்துக் குடித்தனம் நடத்து” என்பது கர்னலுக்கு அதன் தாத்பரியம். கர்னலும் கீழ்ப்படியும். வெளிச்சம் வரும். ஆனால் எழுத்துகள் பக்கவாட்டில் பருத்திருக்கும், வட்டமெல்லாம் முட்டையாகியிருக்கும், வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தான் பேச்சுக் கேட்காது. “டெம்பரவரிதான்” என்பார். அந்த டெம்பரவரியிலேயே இரண்டு பொங்கல் கண்ட வீடுகள் சின்னக் காஞ்சிபுரத்தில் உண்டு.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் விபரீதம் வேறுவிதமாக விளைந்தது. சாய்வை அறியும் சென்சார் சில மடிக்கணினிகளில் உண்டு. அது எந்தத் திசை பார்த்துப் பொருத்தப்பட்டிருக்கிறதென்று புதிய சிஸ்டத்துக்குத் தெரியாவிட்டால் படம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டுவிடும். அங்கே அதுதான் நேர்ந்தது. தலையைத் தோளில் சாய்த்தபடி தினசரி வாசித்துக் கழுத்து சுளுக்கிய ஆசிரியருக்கு உபாசகர் சொன்ன சமாதானமாவது: “அத்திவரதர் 2019-ல ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்ட் முதல் தேதியிலதானே நின்ன கோலம்? இதுவும் எழுந்திருக்கும் சார், கொஞ்சம் பொறுங்க.” உள்ளேயிருந்து ஆசிரியரின் மனைவி கேட்டார்: “அப்புறம் தண்ணியில போட்டா, அடுத்தது நாற்பது வருஷம் கழிச்சாப்பா?”

பிள்ளையார்பாளையத்தில் அவர் பேச்சு எடுபட்டதேயில்லை. ஒரு தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியிலிருந்து சரமாய்த் தொங்கிய துளையிட்ட அட்டைகளைக் காட்டி, 1804-இல் பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு கண்ட இந்த யுக்தியே பின்னால் கம்ப்யூட்டருக்குத் துளையட்டையாய் வழிகாட்டியது என்றும், ஆகவே தறிதான் கம்ப்யூட்டருக்குத் தாத்தா என்றும், துளை இருந்தால் பாவு இழை எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும், கணினியின் ஒன்றும் பூஜ்யமும் அதுவேயென்றும் அரை மணி நேரம் வியாக்கியானம் செய்தார். நெசவாளர் நாடாவை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “தாத்தான்னே வெச்சுக்க தம்பி. அட்டை கிழிஞ்சா வேற அட்டை அடிச்சுக் கோத்துக்குறேன். உன் பேரன் கறுப்பா நின்னா நான் யாரைக் கேக்குறது?” உபாசகர் முதன்முறையாகப் பையைத் திறக்காமலே வெளியே வந்தார்.

ஆனால் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை முதலாளி அகப்பட்டார். லினக்ஸ் ஏறிய மூன்றாம் நாள் மாலையில், வெளியூர் வாடிக்கைக்காரர் கேட்ட எம்.எஸ். நீலப் புடவையின் படத்தைத் திரையில் பார்த்த முதலாளி திடுக்கிட்டார். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக முத்து செட்டியார் உண்டாக்கிய அந்தப் பேர்பெற்ற நீலம், பாசி பிடித்த குளப்படியின் நிறத்தில் கிடந்தது. உபாசகர் ஓடி வந்தார். டிரைவரை நீக்கினார், ஏற்றினார், பழைய கர்னலுக்கு இறங்கினார், வர்ண அளவைக் கோப்புகளை மாற்றினார். கடைப் பையன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் தூங்கிப்போனான். பொழுது சாய்ந்ததும் கண்ணுக்கு இதமாகத் திரையிலிருந்து நீலத்தைக் குறைத்து, விடிந்ததும் திருப்பிக் கொடுக்கும் ‘நைட் லைட்’ என்ற வசதி ஒன்று அமைப்புகளில் உண்டு. அதை முடுக்கிவிட்டவர் அவரேதான். ஆனால் அவ்வளவு அற்ப காரணத்தைச் சந்தேகிப்பது அவர் அந்தஸ்துக்குப் பொருந்தாது.

காலையில் நீலம் நீலமாயிருந்தது. “ராத்திரி கடைசியா ஒரு கமாண்ட் போட்டேன் முதலாளி, அது இறங்க நேரம் எடுக்கும்” என்றார். மாலையில் மறுபடியும் பாசி.

முதலாளி கோபிக்கவில்லை. “விளக்கு வெளிச்சத்துல பட்டைப் பார்த்துக் கலர் சொல்லாதே, வாசல்ல பகல்ல பிரிச்சுப் பாருன்னு எங்க அப்பா சொல்லுவாரு. மெஷினுக்கும் அது தெரிஞ்சிருக்கு தம்பி, விட்டுடு” என்றார். அன்றுமுதல் அக்கடையில் படம் பார்த்து அனுப்புவதெல்லாம் பகல் பதினொரு மணிக்கென்று ஏற்பாடாகிவிட்டது. பட்டின் சூட்சுமம் தெரிந்த சிஸ்டம் உலகத்திலேயே லினக்ஸ் ஒன்றுதான் என்று உபாசகர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலாளியின் மாப்பிள்ளை வைத்திருக்கும் புது மடிக்கணினிக்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்தாகிவிட்டது.