ஆறு வாரச் சடைக்கு அப்பத்தா போட்ட கணக்கு

போட்டுக்க தாயி, நல்லாப் போட்டுக்க. வேண்டாம்னு சொல்ல நான் யாரு? உன் தலை, உன் சம்பளம். கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கிற பிள்ளைக்குக் கிளாவரைக் கெழவி புத்தி சொல்ல வந்துட்டாளாக்கும்னு உங்கம்மா அடுப்படியில முணுமுணுக்கிறது கேக்குது. எனக்குக் காது மந்தம்தான். முணுமுணுத்தா மட்டும் நல்லாக் கேக்கும்.

போனைக் காட்டி, "அப்பத்தா, இதுதான் குரோஷே சடை, எப்படி இருக்கு?"ன்னு கேட்டே. அழகாத்தான் இருக்கு. அதனாலதான் கணக்குக் கேக்குறேன். அசிங்கமா இருந்தா நான் ஏன் கேக்கப் போறேன், ஒரே தடவையில நீயே விட்டுருவே.

நீ சொன்னதை நான் சரியா வெளங்கிக்கிட்டேனான்னு பாரு. முதல்ல உன் சொந்த முடியை வகிடு வகிடாப் பிரிச்சு மண்டையோட ஒட்டி வரிவரியாப் பின்னிருவாங்க. அப்புறம் ஒரு கொக்கி ஊசி. அதுக்குத் திறந்து மூடுற மாதிரி சின்னதா ஒரு நாக்கு உண்டு. ஊசியை அந்தப் பின்னலுக்கு அடியில விட்டு, அந்தப் பக்கம் வெலைக்கு வாங்குன முடியை மடிச்சு மாட்டி, நாக்கை மூடி, இந்தப் பக்கம் இழுக்கணும். இழுத்த கண்ணிக்குள்ள நுனியை நுழைச்சு இறுக்கினா ஒரு முடிச்சு. இப்படியே காதோரத்துல இருந்து காதோரம் வரைக்கும், உச்சியில இருந்து பிடரி வரைக்கும். உன் சின்னம்மா ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை பண்றாளே, அவ ஊசியிலயும் கொக்கி இருக்கு. ஆனா அவ துணியைச் சட்டத்துல கட்டிட்டு எந்திரிச்சுப் போய் டீ குடிச்சுட்டு வருவா. இங்க சட்டத்துல கட்டியிருக்கிறது உன் தலை.

ஒவ்வொரு சடையாக் கையால பின்னுனா பகல் பூரா போயிரும், இதுன்னா மூணு நாலு மணி நேரம்தான்னு பெருமையாச் சொன்னே. சந்தோசம். போன மாசம் பூண்டுப் பல் உடைக்கக் கூப்பிட்டப்ப அரை மணி நேரத்துல இடுப்பு வலிக்குதுன்னு எந்திரிச்சுப் போனவ நீதான். நாலு மணி நேரம் குனிஞ்சு நிமிராம உக்காருற இடுப்பும் உன்கிட்டதான் இருக்குன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது. உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு மனசு ஆறிருச்சு.

சரி, துட்டுக்கு வருவோம். முடி பாக்கெட்டு ஆறு, போட்டுவிடுறவங்க கூலி எல்லாம் சேத்து 7,000 ரூபான்னு சொன்னதாச் சொன்னே. ஆறு வாரம் தலையில நிக்கும், ரொம்ப இழுத்தா எட்டு வாரம். ஆறுன்னே வச்சுக்குவோம், 42 நாள். ஒரு நாளைக்கு 167 ரூபா ஆகுது. நீ தூங்குறப்பவும் ஓடுது தாயி இந்த மீட்டரு. லீவு நாள்னு நிக்காது.

உங்கப்பன் கணக்கையும் பக்கத்துல வைக்கிறேன், கோவிச்சுக்காத. நம்ம கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க. பேரு பெருசாச்சு. சிங்கப்பூர்ப் பூண்டு, மேட்டுப்பாளையம் பூண்டுன்னு நாம நடுறதுக்கே பேரு பாரு, எல்லாம் வெளியூரு. அதை நட்டு, களை எடுத்து, பனிக்கும் மழைக்கும் பயந்து, நாலு மாசம் சொச்சம் காத்திருந்து பிடுங்கி, கட்டுக் கட்டி அடுப்புக்கு மேல தொங்கவிட்டுப் புகையில காயவச்சு, அப்புறம் கீழ எறக்கி வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டு போகணும். அன்னைக்குக் கிலோ 100 ரூபாய்க்குப் போச்சுன்னு வச்சுக்க, உன் சடைக்கு 70 கிலோ. வெலை ஏறியிருந்தா கொறையும், விழுந்திருந்தா எத்தனை மூட்டைன்னு உங்கப்பன் முகத்தைப் பாத்தே சொல்லிரலாம். நாலு மாசத்துப் பூண்டு, ஒண்ணரை மாசத்துச் சடை. தப்புன்னு சொல்லல. வெள்ளாமையில இப்படித்தான் நஷ்டம் வருதுன்னு சொல்றேன்.

இன்னொரு கணக்கு, இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. மலைக்குக் கீழ பழனி. மொட்டைக்குக் கட்டணமே கிடையாதுன்னு 2021 செப்டம்பர்ல அரசாங்கம் சொல்லிருச்சு. அறநிலையத்துறைக் கோயில் எல்லாத்துலயும் ஓசி. உன் சேக்காளிக கூட்டமாப் போயி முடியைக் குடுத்துட்டு சந்தனம் பூசிக்கிட்டு வர்றாங்க. அந்த முடியைக் கோயில்ல ஏலம் விடுறாங்க. திருப்பதியிலயும் அதே கதை, அங்க மொட்டை போடுற எடத்துக்குக் கல்யாணக்கட்டைன்னு பேரு. நீளமான பொம்பளை முடிக்குத்தான் கிராக்கி. கழுவி, சிக்கெடுத்து, அடிமுடி நுனிமுடி மாறாம அடுக்கி, கப்பலேத்தி, சீமையில விக்காவும் சடையாவும் விக்கிறாங்க. ஆக நம்ம முருகன் முடி வாங்குறாரு, நீ முடி வாங்குறே. அவருக்குச் சும்மா வருது, உனக்கு 7,000. ஆண்டியா நின்னாலும் கெட்டிக்காரரு.

அதுக்குள்ள சந்தோசப்படாத. உன் பாக்கெட்டுல இருக்கிறது அந்த முடியும் இல்லை. வெலை கொறஞ்ச சடை எல்லாம் செயற்கை நூல். ஜப்பான்காரன் செய்ற கனேகலான்தான் அதுல பேரு போனது. போட்டு முடிச்சதும் நுனி பிரியாம இருக்கக் கொதிக்கிற தண்ணியில முக்கி எடுப்பாங்கன்னு நீதான் சொன்னே. நம்ம வீட்டுல கோழியைத்தான் அப்படி முக்குவோம், இறகு பிடுங்குறதுக்கு.

கோவில் முடி போற ஊர்ல ஒரு தடவை பெரிய ரகளையே நடந்துச்சு, கேட்டுக்க. கல்யாணமான யூதப் பொம்பளைக தலைமுடியை வெளிய காட்டக் கூடாதுங்கிறது ஆசாரம் பாக்குறவங்க வழக்கம். அதுக்கு விக்கு வச்சுக்குவாங்க. திருப்பதியில சாமிக்குக் குடுத்த முடியில செஞ்ச விக்கு நமக்கு ஆகாதுன்னு 2004-ல எருசலேம் பெரியவங்க சொல்லிட்டாங்க. உடனே நியூயார்க் புரூக்ளின்ல விக்கையெல்லாம் தெருவுல குவிச்சுக் கொளுத்திட்டாங்க. எந்த ஊருக் கிழவி நேந்துக்கிட்ட முடியோ, எந்தத் தெருவுல கருகுச்சோ. அந்த எருசலேம் நாட்டுப் பிள்ளைக இப்ப நம்ம வட்டக்கானல்ல வந்து மாசக்கணக்காத் தங்குதுக. அதுல சிலது தலையைச் சிக்குச் சடையா வச்சுக்கிட்டு வெயில்ல உக்காந்திருக்கு. பாட்டன் விக்கைக் கொளுத்துறான், பேரன் சடையை வளக்குறான். பெரியவங்க சொல்லு எந்த ஊர்லயும் ஒரே மாதிரிதான் எடுபடுது. உன்கிட்ட நான் பேசிக்கிட்டிருக்கிறதும் அந்தத் தைரியத்துலதான்.

சடைன்னதும் ஞாபகம் வருது. பழனி மலை மேலயே போகர் சித்தர் சமாதி இருக்கு. சித்தர் சடையெல்லாம் எந்தப் பார்லர்லயும் போட்டதில்லை. சீப்பைத் தூரப் போட்டுட்டுச் சும்மா இருந்தாங்க. செலவே இல்லாத வழி அது ஒண்ணுதான். ஆனா ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களான்னு கேட்டுக்க.

கேலி போதும், நெசத்தையும் சொல்றேன். இந்தச் சடை கிறுக்குத்தனம் இல்லை. ஆப்பிரிக்காப் பொம்பளைக ஆதிகாலத்துல இருந்து மண்டையோட ஒட்டிப் பின்னுறவங்க. அமெரிக்காவுக்கு அடிமையாப் போனவங்க பேத்திமாரும் அதை விடலை. அவங்க முடி நல்லாச் சுருண்டது. தினம் சீப்புப் போட்டு இழுத்தா அறுந்து போகும்னு பின்னி மூடிக் காப்பாத்துறாங்க. அப்படி வந்தா வேலையில்லை, பள்ளிக்கூடத்துல எடமில்லைன்னு தொரத்தியிருக்காங்க. அதுக்குன்னே கலிபோர்னியாவுல 2019-ல சட்டம் கொண்டு வந்தாங்க, முடியைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாதுன்னு. அவங்களுக்கு அது மானப் பிரச்சினை. உனக்கு ஒரு ரீல்ஸ். ரெண்டையும் ஒரே தராசுல நிறுத்தா முள்ளு எங்க போகும்னு நீயே பாத்துக்க.

அவங்க முடி சுருண்டு பின்னலைப் பிடிச்சுக்கும். உன் முடி நான் சின்னதுல இருந்து எண்ணெய் தடவித் தடவி வழவழன்னு வளத்தது. பின்னல் நழுவும். நழுவக் கூடாதுன்னு இறுக்குவாங்க. இறுக்கினா நெத்தியோரம் கொப்புளிக்கும், வலிக்கும். மேல மேல இழுத்தா அந்த எடத்துல முடி திரும்ப மொளைக்காமலே போயிரலாம்னு டாக்டருகளே சொல்றாங்க. வலிச்சா "கொஞ்சம் தளத்துங்க"ன்னு வாயைத் திறந்து கேளு. துட்டுக் குடுக்கிறவ நீ. ரெண்டு நாள்ல சரியாயிரும்னு சொன்னா நம்பாத.

குளிக்கிறதைப் பத்தி யோசிச்சியா? கோயமுத்தூர் வெயில்ல அரை நாள்ல காயலாம். லீவுக்கு இங்க வருவியே. மூடுபனி எறங்குனா எங்க போர்வையே மூணு நாள் காயாது, உன் ஆறு பாக்கெட்டு எப்பக் காயும்? ஈரம் உள்ளயே நின்னா வாடை வரும். காய வைக்கலாம்னு அடுப்போரம் வந்தியோ, நூல் சூட்டுல சுருங்கி இளகிரும். இந்த ஊர்ல அடுப்போரத்தை விட்டா உக்கார வேற எடம் எது? உன்னை மட்டும் திண்ணையில உக்கார வச்சுட்டு நாங்க உள்ள சுக்குக்காப்பி குடிக்கணும்.

சவுரியைப் பழசுன்னு சிரிச்சியே, அதையும் பேசிருவோம். என் டப்பாவைத் திறந்து பாரு. சீப்புல வர்ற முடியை நாங்க தூரப் போட மாட்டோம். சுருட்டிச் செவத்துப் பொந்துல சொருகி வச்சுச் சேப்போம். அதுல கட்டுனதுதான் இது. மூணு கால், தலைப்புல கருப்பு நூல் சுத்து. சொந்த முடியோட ஒவ்வொரு காலா வச்சுப் பின்னினா உலை கொதிக்கிறதுக்குள்ள முடிஞ்சுரும். ராத்திரி ஆணியில மாட்டிட்டு வெறுந்தலையா நிம்மதியாத் தூங்கலாம். சீயக்காய் போட்டு அலசுனா ஆச்சு. உங்கப்பன் பொறக்கிறதுக்கு முந்திக் கட்டுனது, இன்னும் உழைக்குது. கொறையும் சொல்லிரணும்ல? நழுவும். ஒரு வளைகாப்புல குனிஞ்சு வளையல் போட்ட மகராசி ஒருத்தி, நிமிர்றப்ப சவுரி சந்தனத் தாம்பாளத்துல கெடந்துச்சு. அந்த விசயத்துல உன் சடைக்குத்தான் என் ஓட்டு. முடிச்சுப் போட்டது அப்படி விழாது.

இப்ப அந்தச் சீப்புமுடிக்கும் வண்டி போட்டுக்கிட்டு மைக்குல கூவிக்கிட்டு வர்றான், சிக்குமுடி வாங்கிக்கிட்டுப் பாத்திரம் குடுக்கிறான். அவனுக்காக நீ ஒண்ணு செய்யலாம். தலையில தினம் 50-ல இருந்து 100 முடி தானா உதிரும், அது இயற்கை. சடைக்குள்ள மாட்டுன முடி கீழ விழாது, அங்கயே நிக்கும். 42 நாள் கழிச்சுப் பிரிக்கிறப்ப ரெண்டாயிரத்துக்கு மேல, நாலாயிரத்துச் சொச்சம் வரைக்குமே ஒட்டுமொத்தமாக் கையில வரும். பாத்ததும் மொட்டையாயிட்டேன்னு கத்தி ஊரைக் கூட்டாத. பொறுக்கி எடுத்து எங்கிட்டக் குடு, ஒரு டம்ளருக்காவது தேறுதான்னு பாப்போம்.

ஆக, போட்டுக்க. புதுசா சேந்த வேலை, முதச் சம்பளம், ஆசை இருக்கத்தான் செய்யும். ஒரே ஒரு விசயம் கேட்டுட்டு வந்தியா? போடுறதுக்கு 7,000-ன்னு சொன்னவங்க பிரிக்கிறதுக்கு எவ்வளவுன்னு சொன்னாங்களா? அறுக்குறது புது முடியையா, உள்ள இருக்கிற உன் முடியையான்னு பாத்துப் பாத்து ஒவ்வொரு முடிச்சா அவுக்கணும். அதுவும் மணிக்கணக்கு. "அப்பத்தா சும்மாதானே இருக்கு"ன்னு நெனச்சு இங்க பஸ் ஏறிறாத. பூண்டு எடுக்கிற நேரமா இருந்தா எங்க பொம்பளையாள் கூலி என்னன்னு உங்கப்பனைக் கேட்டுக்க. அதே ரேட்டுதான். மத்தியானச் சோறு, ரெண்டு வேளைக் காப்பி, வெத்தலைபாக்கு தனி.