படிக்க வேண்டியவை

2004 நவம்பரில் சைட்யூலைக் என்ற இணையதளம் வந்தது. அடுத்த மாதமே நேச்சர் பதிப்பகத்தின் கனோட்டியாவும் வந்தது. இணையத்தில் கண்ணில் படும் ஆய்வுக் கட்டுரையைச் சேமித்து, நாமே ஒரு குறிச்சொல் ஒட்டலாம். ஒட்டியதை ஊரே பார்க்கலாம். நூலகரின் வகைப்பாட்டு எண்ணுக்கு வேலையில்லை, இனி மக்களே வகைப்படுத்துவார்கள் என்றார்கள். தாமஸ் வாண்டர் வால் இந்த முறைக்கு அதே ஆண்டில் 'ஃபோக்சானமி' என்று பெயர்சூட்டு விழாவையும் முடித்துவிட்டார்.

மக்களும் வகைப்படுத்தினார்கள். ஒருவர் 'நெட்வொர்க்' என்றார், இன்னொருவர் 'நெட்வொர்க்ஸ்' என்றார். ஒரே குடும்பத்துக் கட்டுரைகள் ஓர் 'ஸ்'ஸுக்காகத் தனிக்குடித்தனம் போயின. குறிச்சொல் தராத சோம்பேறிகளையும் சைட்யூலைக் கைவிடவில்லை. 'நோ-டேக்' என்று தானே ஒட்டிவிட்டது. பெயரில்லாதவருக்கு 'அனாமிகன்' என்று பெயர் வைத்த கதைதான்.

இயற்பியலாரும் மானுடவியலாரும் சண்டையின்றிக் கூடிய இடம் ஒன்றுண்டு: 'டு-ரீட்'. படிக்க வேண்டியவையாம்! கொலுப் படியில் பொம்மை அடுக்குவது போல அடுக்கினோம். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, தங்கள் படியிலும் அதையே வைத்துக்கொண்டார்கள். சுண்டல் மட்டும்தான் கிடைக்கவில்லை.

கனோட்டியா 2013இல் மூடியது. சைட்யூலைக் 2019 மார்ச் 30இல். பதறிப்போய் என் பட்டியலை இறக்கிக் கணினியில் பத்திரப்படுத்தினேன். அந்தக் கோப்பின் பெயர், 'பிறகு-படிக்க'.